பதினோரு காம்புகள்

பூத்தது முதலில் என் வீட்டில்தான். இதை எடுத்த எடுப்பிலேயே எழுதிவிடுகிறேன். பெரம்பலூரில் எங்கள் துறைமங்கலம் அரசு ஊழியர் குடியிருப்பில் இன்றைக்கு யாரிடம் போய் மெழுகுப்பூக் கொடி என்று கேட்டாலும் தனம் வீட்டைத்தான் கை காட்டுவார்கள்.

1996 மே மாதம், கல்யாணமாகிப் பத்து வருடத்தில் நாங்கள் போன ஒரே சுற்றுலாவில், ஏற்காட்டு நர்சரி ஒன்றில் அதை வாங்கினோம். ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்டிருந்தார்கள். தடித்த இலை. நகம் பட்டால் பால் கசிந்தது. நடுவில் ஒரே ஒரு கொத்து. வெளிர் ரோஸ் நிறத்தில் இருபது இருபத்தைந்து நட்சத்திரங்கள் ஒரு பந்தாகச் சேர்ந்து, ஜிமிக்கி மாதிரி கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பாக இன்னொரு குட்டி நட்சத்திரம்.

"பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர் சாமிதுரை. கருவூலத்தில் வேலை பார்ப்பவர், எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

நர்சரிக்காரர் சொன்ன இங்கிலீஷ் பெயர் சேலம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் மறந்துவிட்டது. பார்த்தால் மெழுகில் செய்தது போல இருந்ததால் மெழுகுப்பூ என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். வீட்டுக்குள் வைத்தால் போதும், நேர் வெயில் ஆகாது, வெளிச்சம் வேண்டும், ஏறுவதற்குப் பிடிமானம் வேண்டும் என்று அவர் சொன்னதை மட்டும் டிக்கெட்டின் பின்புறம் குறித்துக்கொண்டேன்.

நான் குரும்பலூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எதைச் செய்தாலும் தேதி போட்டு எழுதிவைப்பது அங்கே பழகியது. கொடிக்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். நாலடி பிளாஸ்டிக் பைப்பில் தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளி இல்லாமல் சுற்றி, தொட்டியின் நடுவில் நட்டு, அடியில் செங்கல் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு இறுக்கினேன். பழைய வாயில் புடவையைக் கிழித்து, விரல் அகல நாடாவாக்கி, கொடி நெரியாதபடி எட்டுப் போட்டுக் கணுவுக்குக் கணு பைப்போடு கட்டினேன். புதனும் சனியும் தண்ணீர். மாதம் முதல் தேதி ஈரத்துணியால் இலை துடைப்பது. ஹாலில் கிழக்கு ஜன்னலோரம் அது பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பாக ஏறியது.

1997 மார்ச் 11ஆம் தேதி ஒரு கொத்து பூத்தது. அன்று சாயங்காலம் எங்கள் பிளாக்கில் இருந்த எட்டு வீட்டுப் பெண்களும் என் ஹாலில் நின்றார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசம் கிளம்பியது. அந்த ஒரு வாரம் நான் நடந்த நடையே வேறு.

வெள்ளிக்கிழமை அதைப் பறித்துச் சாமி படத்துக்கு வைத்தேன். எப்படிப் பறிப்போமோ அப்படித்தான் பறித்தேன்: காம்போடு. மல்லியோ கனகாம்பரமோ, காம்பில்லாமல் கிள்ளினால் நாரில் தொடுக்க முடியாது. அதற்காகவே சின்ன வயதில் அம்மாவிடம் கையில் அடி வாங்கியிருக்கிறேன். பூத்த பூவைச் செடியிலேயே வாடவிட்டால் அந்த வீட்டுப் பொம்பளைக்கு உடம்பு வளையவில்லை என்று அர்த்தம். இதுவும் அம்மா சொன்னதுதான்.

அன்றைக்கு எதிர்வீட்டுத் தனம் கேட்டாள்: "கலைக்கா, எனக்கு ஒரு துண்டு குடுங்களேன்."

தனம் பூலாம்பாடிக்காரி. என்னைவிட ஏழு வயது சின்னவள். அவள் கணவர் ஆண்டவர் நில அளவைப் பிரிவில் இருந்தார். அவள் துவைத்துப் போட்ட துணி மூன்று நாள் கொடியிலேயே கிடக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு என் வீட்டு வாசலில் நின்று பேசுவாள். தீய்ந்த வாசம் வந்ததும் "அய்யய்யோ" என்று ஓடுவாள். அடுத்த நாளும் அதேதான். நல்ல பெண். அவளிடம் ஒரு கொடி பிழைக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் துளிர் விடும் நுனியைக் கொடுக்க மனம் வரவில்லை. அடியிலிருந்து மூன்று இலையோடு ஒரு முற்றின துண்டை வெட்டிக் கொடுத்தேன். இதை நோட்டில் 'தனத்துக்கு ஒரு துண்டு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அவள் அதை வாயகலமான எண்ணெய் டின் ஒன்றில் சொருகினாள். பிடிமானத்துக்கு என்ன வைத்தாள் தெரியுமா? ஆண்டவருடைய கிழிந்த குடை. துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு, கைப்பிடியை டின்னுக்குள் குத்தி, கம்பிகளை விரித்துவிட்டு, டின்னை ஜன்னலோரம் உயரமான ஸ்டூல் ஒன்றின் மேல் ஏற்றிவைத்தாள்.

"என்ன தனம் இது?"

"குடைதாங்க்கா. மழைக்குத்தான் ஆவல, கொடிக்காவது ஆவட்டும்."

கொடி அந்தக் கம்பிகளில் இஷ்டத்துக்குச் சுற்றியது. நீட்டி வந்ததை அவள் மறுபடி வளைத்து அதிலேயே சொருகுவாள். கட்டு இல்லை, கணக்கு இல்லை. இலை வாடி மடிந்தால்தான் தண்ணீர் ஞாபகம் வரும்.

1999 பிப்ரவரியில் ஒருநாள் காலை என் கதவைத் தட்டினாள். "கலைக்கா, ஓடியாங்க! உங்க கொடி பூத்திருக்கு!"

நான் என் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். நார் சுற்றிய பைப்பு, துடைத்த இலைகள், வேறொன்றும் இல்லை. அப்புறம்தான் புரிந்தது, 'உங்க கொடி' என்று அவள் சொன்னது அவளுடையதை. போனேன். குடைக் கம்பியிலிருந்து இரண்டு கொத்து தொங்கியது. அதில் ஒன்று, என்னுடையதைவிடப் பெரியது. எண்ணினேன். முப்பத்தொரு நட்சத்திரம்.

"நல்லாருக்கு" என்றேன். "வெள்ளிக்கெழமை பறிச்சுடுவியா?"

"பறிச்சு என்னாக்கா பண்றது? அது பாட்டுக்குத் தொங்கட்டும். தானா வுழறப்ப கூட்டிக்கிறேன்."

உடம்பு வளையாதவளுக்கு ரெண்டு கொத்து என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். சொன்னதும் நெஞ்சு எரிந்தது.

என் கொடி அந்த வருடம் பூக்கவில்லை. முந்தின வருடமும் பூக்கவில்லை. வளர்ந்தது, பைப்பின் உச்சியைத் தாண்டியது, அவ்வளவுதான். தொட்டி மாற்றினேன். ஆட்டுப் புழுக்கை போட்டேன். இரண்டாயிரத்தில் ஒரு சின்னக் கொத்து வந்தது. அதையும் வெள்ளிக்கிழமை காம்போடு பறித்து வைத்தேன். தனத்துக்கு அதே வருடம் ஐந்து கொத்து, அதுவும் இரண்டு தடவை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆண்டவரோடு பேசப் போவார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அங்க உக்காந்தா எழுந்திரிக்க மனசே வரமாட்டேங்குது, என்னா வாசம்!" என்பார்.

"அப்ப அங்கயே உக்காந்துக்குங்க."

"ஏன் கலை, நான் பூவைத்தானே சொன்னேன்?"

"நானும் பூவைத்தான் சொல்றேன்."

அவருக்குச் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பும் சேர்ந்து எரிந்தது.

ஒருமுறை ஆபீசர் ஒருவரின் வீட்டம்மா காரில் வந்து இறங்கினார். தனத்தின் கொடியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். தனம் என்னையும் கூப்பிட்டு நிறுத்தி, "இவங்க குடுத்ததுதாங்கம்மா. கலைக்கா இல்லன்னா எனக்கு ஏது இது?" என்று பெருமையாகச் சொன்னாள். அந்தம்மா என் பக்கம் திரும்பி, "அப்படியா! அப்ப உங்க வீட்டுல எத்தனை கொத்து?" என்று கேட்டார்.

"இப்ப சீசன் இல்லைங்க" என்றேன். தனத்தின் கொடியில் அப்போது நாலு கொத்து எங்கள் மூவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. தனம் எதையும் குத்திக்காட்டவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்று பிறந்ததும் அரியலூர் தனி மாவட்டமானது. ஆபீஸ்களைப் பிரித்து ஆட்களை இங்கேயும் அங்கேயும் போட்டார்கள். ஆண்டவருக்கு அரியலூர். பிள்ளைக்கு முழுப் பரீட்சை முடிந்ததும் மே மாதம் வீடு மாறுவதாகப் பேச்சு.

அந்த பிப்ரவரியில் நான் தோட்டக்கலை அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முழு நீளத் தாளில் மூன்று பக்கம். வாங்கிய தேதி, தொட்டியின் அளவு, தண்ணீர் ஊற்றும் கிழமைகள், பிடிமானத்தின் உயரம், பூவைக் காம்போடு பறித்துச் சாமிக்கு வைத்தது, தொட்டி மாற்றியது எல்லாம் எழுதி, 'அடியேன் கொடுத்த துண்டிலிருந்து வளர்ந்த அண்டை வீட்டுக் கொடி ஆண்டுதோறும் பூக்க, என்னுடையது பூக்காததன் காரணம் தெரிவிக்க வேண்டுகிறேன்' என்று முடித்தேன். சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையும் இணைத்தேன்.

தபால் பெட்டிக்குப் போகும்போது தனம் பார்த்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் படியில் உட்கார்ந்து சிரித்தாள். "கொடி பூக்கலன்னு கவர்மெண்டுக்கு மனு போட்ட ஒரே ஆளு நீங்கதாங்க்கா! பதில் வந்தா எனக்கும் காட்டுங்க, ஆமா."

"காட்டாம எங்க போவப் போறேன்?" என்றேன்.

ஏப்ரலில் தனத்தின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஆண்டவர் அரியலூரிலேயே தங்கியிருந்ததால், வீட்டைப் பூட்டிக்கொண்டு எட்டு நாள் பூலாம்பாடி போக வேண்டியிருந்தது. புறப்படும்போது சிவப்புக் கயிறு கட்டிய சாவியை என் கையில் வைத்தாள். எப்போதும் என்னிடம்தான் கொடுப்பாள். என்னுடையது எப்போதும் அவளிடம். நான்கு வருடப் பழக்கம் அது.

"நடுவுல ஒரு தடவை மட்டும் தண்ணி ஊத்துங்கக்கா. நெறைய மொட்டு கட்டியிருக்கு. ஊரை வுட்டுப் போறதுக்குள்ள பூத்துடும். கடைசியா ஒருவாட்டி இந்த வூட்டுல எல்லாரையும் கூப்புட்டுக் காட்டிட்டுப் போயிடணும்."

ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தேன். ஒரு தம்ளர் ஊற்றினேன். வந்த வேலை முடிந்தது. ஆனால் நின்றேன். குடைக் கம்பிகளுக்கு அடியில் போய் நிமிர்ந்து பார்த்தேன். இலை இடுக்குகளில் விரல் கணு நீளத்தில் மொட்டைக் காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. பழைய பூக்கள் உதிர்ந்த இடம். ஒன்பது. காய்ந்த குச்சி மாதிரி, பார்க்க அசிங்கமாக. இவளுக்கு இதைக்கூட எடுத்துச் சுத்தம் பண்ண உடம்பு வளையவில்லையே என்று தோன்றியது. இன்னும் இரண்டு காம்புகளின் நுனியில் கடுகு கடுகாக மொட்டுக் கூட்டம்.

வீட்டுக்குப் போய் ஜாக்கெட் துணி வெட்டும் கத்தரியை எடுத்துவந்தேன். சுத்தம்தானே பண்ணப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொன்றாக ஒட்ட வெட்டினேன். பால் சொட்டியது. ஒன்பதும் ஆயிற்று. கத்தரி அதோடு நிற்கவில்லை. மொட்டு வைத்த இரண்டையும் வெட்டியது. கத்தரி வெட்டியது என்று எழுதுகிறேன் பாருங்கள். நான்தான் வெட்டினேன். காம்பு என்று தெரிந்து, மொட்டு என்று தெரிந்து, பூத்ததும் அவள் எட்டு வீட்டையும் கூப்பிடப் போகிறாள் என்று தெரிந்து வெட்டினேன்.

பதினோரு காம்பையும் செய்தித்தாளில் சுருட்டிக் குப்பைத் தொட்டிக்கு நானே கொண்டுபோய்ப் போட்டேன். விரலில் ஒட்டிய பால் சோப்புப் போட்டும் போகவில்லை. நோட்டில் அன்றைய தேதியைப் போட்டேன். அதற்கு நேராக எழுத ஒன்றும் வரவில்லை. ஐந்து வருடத்தில் அந்த நோட்டில் அதுதான் வெற்று வரி.

தனம் வந்ததும் பையைக்கூட இறக்காமல் கொடியைத்தான் போய்ப் பார்த்தாள். நான் வாசலில் நின்றேன்.

"காஞ்ச காம்பெல்லாம் அசிங்கமா இருந்துச்சு. எடுத்துச் சுத்தம் பண்ணிட்டேன்" என்றேன்.

அவள் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"மொட்டு இருந்துச்சேக்கா?"

"காத்துல வுழுந்துடுச்சு போல."

இலையை விட்டுவிட்டுப் பையை இறக்கி வைத்தாள். அப்புறம், "செரி, பரவால்லக்கா. அம்மாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதாம்" என்றாள். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த முறுக்கை என் வீட்டுக்காரர்தான் தின்றார்.

சரியாக மூன்றாம் நாள் என் கையெழுத்தில் என் விலாசம் எழுதிய உறை தபாலில் வந்தது. அலுவலர் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்.

'தங்கள் கடிதத்தில், பூத்த கொத்தைக் காம்புடன் பறித்து இறைவனுக்குச் சாத்தியதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். இதுவே காரணமாக இருக்கலாம். இக்கொடியில் பூ உதிர்ந்த பின் எஞ்சும் சிறு காம்பை நீக்கக் கூடாது. மறு ஆண்டும் அதே காம்பின் நுனியிலேயே மொட்டு வரும். காம்பை நீக்கினால் கொடி வேறிடத்தில் புதுக் காம்பு விட்டாக வேண்டும். அதற்கு ஓராண்டோ ஈராண்டோ ஆகலாம். பூ வேண்டுமெனில் காம்பை விட்டுப் பூவை மட்டும் கிள்ளிக்கொள்ளவும். தொட்டியை அடிக்கடி மாற்றுவதும் தேவையில்லை.'

இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை என் இரண்டு கொத்துகளை நினைத்துப் படித்தேன். நான்கு வருடம் நான் சாமிக்கு வைத்தது பூவை மட்டும் இல்லை என்று புரிந்தது. இரண்டாவது தடவை அந்தப் பதினோரு காம்புகளை நினைத்து. மொட்டை மட்டும்தான் கெடுத்தேன் என்று இருந்தேன். வரப்போகிற வருடங்களையும் சேர்த்துச் சுருட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

கடிதத்தை நோட்டுக்குள் வைத்தேன். தனம் இரண்டு தடவை கேட்டாள்: "கவர்மெண்டு என்னாக்கா சொல்லுது?" இரண்டு தடவையும் "இன்னும் வரல" என்றேன். வந்த பதிலை வரவில்லை என்று நான் பொய் சொன்னது வாழ்நாளில் அப்போதுதான்.

மே 20, ஞாயிற்றுக்கிழமை. வாசலில் லாரி நின்றது. பீரோ ஏறியது, கட்டில் ஏறியது. ஆண்டவர் "அந்தக் கயித்த இழுத்துக் கட்டுப்பா" என்று கீழே கத்திக்கொண்டிருந்தார். தனம் எண்ணெய் டின்னை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, குடைக் கம்பிகள் கதவில் இடிக்காமல் பக்கவாட்டில் நுழைந்து என் ஹாலுக்குள் வந்தாள். என் கொடிக்குப் பக்கத்தில் அதை இறக்கி வைத்தாள்.

"லாரியில போனா அடிபட்டுடும். அங்க கெடைச்சிருக்கிற வூட்டுல வெளிச்சமும் கெடையாது. நீங்களே வச்சுக்குங்கக்கா."

நான் நினைத்துப் பார்த்ததுண்டு, அந்தக் கொடி என் ஜன்னலில் தொங்குவதாக. எத்தனையோ தடவை. இப்போது நிஜமாகவே வந்து நின்றது, ஒரு காம்பும் இல்லாமல். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அரியலூரிலிருந்து வந்து எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

உள்ளே போய் நோட்டிலிருந்து கடிதத்தை எடுத்துவந்து அவளிடம் நீட்டினேன்.

"எப்ப வந்துச்சு?"

"ஏப்ரல் 24."

நின்றபடியே படித்தாள். நடுவில் கொஞ்சம் உதட்டை அசைத்துப் படித்தாள். முடித்ததும் மடித்தாள்.

"காம்புலதான் திரும்பப் பூக்கும்னு எனக்குத் தெரியுங்க்கா. ரெண்டு வருசமாப் பாக்குறேனே."

"எனக்கு நீ சொல்லவே இல்லையே தனம்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு நான் எப்புடி நெனைப்பேன்? தேதி போட்டுத் தண்ணி ஊத்துறவங்க நீங்க. நீங்க வெட்டுனா அதுல ஏதோ வெவரம் இருக்கும்னுதான் இருந்தேன்."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"மொட்டு..." என்று ஆரம்பித்தேன். "மொட்டு காத்துல வுழல, தனம்."

"அதுவும் தெரியும். ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டுட்டுத்தானே நான் ஊருக்குப் போனேன்?"

"தெரிஞ்சுமா இதைக் கொண்டாந்து எனக்குக் குடுக்கறே?"

"அவ்வளவு வயிறு எரிஞ்சவங்ககிட்டயே இருந்துட்டுப் போவட்டும்னு நெனைச்சேன்." அவள் குரல் உயரவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு குனிந்தாள். டின்னைத் தூக்கினாள். "தெரியாத மாதிரி இருந்தப்பக் குடுக்க முடிஞ்சிது. நீங்க வாயாலயே சொன்னதுக்கப்புறம் முடியலக்கா. எடுத்துக்கிட்டே போறேன்."

என் வீட்டுச் சாவியை டீப்பாய் மேல் வைத்துவிட்டுப் போனாள். லாரியின் முன் சீட்டில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குடைக் கம்பி ஒன்று ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது. முக்கு திரும்பும் வரை அது தெரிந்தது.

அன்று நோட்டை எடுத்து ஏப்ரல் 17க்கு நேராக, 'தனம் வீட்டில் பதினோரு காம்பு' என்று எழுதினேன்.

அரியலூர் மாவட்டம் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கவில்லை. 2002 மார்ச்சோடு மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். போனவர்கள் எல்லாம் பீரோவைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஆண்டவரும் வந்தார். எங்கள் பிளாக்கில் காலி இல்லை, சாலைக்கு அந்தப் பக்கம் மூன்றாவது பிளாக்கில் மாடி வீடு கிடைத்தது. என் ஹால் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே அவள் ஜன்னல். டின் வந்துவிட்டது, குடை வந்துவிட்டது. தனம் மட்டும் என் வாசலுக்கு வரவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் பார்த்தால் பேசுவாள். "சாப்பிட்டீங்களாக்கா?" "ஆச்சு. நீ?" "ஆச்சு." அவ்வளவுதான். பழைய தனம் அந்த நேரத்துக்குள் இரண்டு பாலைத் தீய விட்டிருப்பாள்.

நான் கத்தரியைத் தொடவில்லை. தொட்டி மாற்றவில்லை. அந்த வருடம் ஆகஸ்டில் ஒரு கொத்து பூத்தது. வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து கையை நீட்டினார். "அதை வுடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் செம்பைக் கீழே போட்டுவிட்டார்.

"சாமிக்குத்தானே கலை?"

"சாமிக்குக் கடையில மல்லி வாங்கிக்கலாம்."

பூ உதிர்ந்தது. நான் கூட்டினேன். காம்பு மட்டும் காய்ந்த குச்சி மாதிரி நின்றது. 2003 ஏப்ரலில் அதே குச்சியின் நுனியில் கடுகு கடுகாக மொட்டு வைத்தது. பார்த்ததும் முதலில் நினைவுக்கு வந்தது எதிர் ஜன்னல். அங்கே நாலு கொத்து தொங்கியது. எனக்கு ஒன்று, அவளுக்கு நாலு. இரண்டு வருடத்துக்கு முன்னால் மொட்டையடித்த கொடிக்கு நாலு! எரியாமல் இருந்தது என்று சொன்னால் பொய்.

போன மாதம், மே 9ஆம் தேதி, தனம் பூலாம்பாடிக்குப் புறப்பட்டாள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் பையோடு முன்னால் போனார். தனம் படியிறங்கி வந்து, கீழ்வீட்டு பாக்யலட்சுமியைக் கூப்பிட்டு, அவள் கையில் சாவியை வைத்தாள். ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பாக்யலட்சுமி சாவியை ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டாள்.

நாலு கொத்துக்கு எரியாத எரிச்சல் அந்தச் சாவிக்கு எரிந்தது. பாக்யலட்சுமி யார்? வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவள் வீட்டில் துளசிச் செடி மூன்று தடவை பட்டுப்போயிருக்கிறது.

நாலாம் நாள் அவளே என் கதவைத் தட்டினாள்.

"கலைமணி அக்காங்களா? தனம் வூட்டுக் கொடிக்கு எவ்ளோ தண்ணி ஊத்தணும்னு தெரியலீங்க. சந்தேகம்னா உங்ககிட்ட கேட்டுக்கச் சொன்னா."

"என்கிட்டயா? தனமா சொன்னா?"

"ஆமாங்க. உங்களைவிட அதுக்கு யாருக்குத் தெரியும்னா." அதை தனம் எந்தக் குரலில் சொல்லியிருப்பாள் என்று பாக்யலட்சுமியின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எழுதினேன். 'ஒரு தம்ளர் போதும். எட்டு நாளைக்கு ஒரே தடவை. டின்னை நகர்த்த வேண்டாம். பூ உதிர்ந்தாலும், காய்ந்தது போலத் தெரிந்தாலும், காம்பு எதையும் தொட வேண்டாம்.' கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தேன்.

"யப்பா, ஒரு தம்ளர் தண்ணிக்கு இவ்ளோ சட்டமா?" பாக்யலட்சுமி சிரித்தாள். ஜாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தாள். "எனக்கு இதெல்லாம் பயமா இருக்குங்க்கா. நீங்களே வச்சுக்குங்களேன். தெரிஞ்சவங்க, நீங்களே போயி ஊத்திட்டு வந்துடுங்க."

வீடு வேறு, ஆனால் அதே பழைய பூட்டின் சாவி. சிவப்புக் கயிறு கூட மாற்றவில்லை. என் கை பாதி வரை நீண்டதை அவள் பார்த்திருப்பாளோ என்னவோ.

"வேணாம்" என்றேன். "தனம் உங்ககிட்டதானே குடுத்துட்டுப் போனா. நீங்களே ஊத்துங்க."

அவள் போனதும் ஜன்னலுக்கு வந்தேன். சாலையைத் தாண்டினாள், படியேறினாள், கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னலில் பாக்யலட்சுமியின் தலை தெரிந்தது. ஒரு கையில் தம்ளர், ஒரு கையில் என் தாள். குடைக்கு அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். ஊற்றினாள். பிறகும் நின்றாள்.

அவள் வெளியே வந்து பூட்டும்வரை நான் நகரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம். ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்ற நாலு நிமிஷமா?